இடமாற்ற உத்தரவு, இரண்டு பக்கம்

ஃப்ரெஸ்னோவில் ஜனவரி மூடுபனி
ஐந்தாம் மாடி ஜன்னல் வரை ஏறியிருந்த காலையில்
டெரல் கீட்ரியின் மனுவைப் பிரித்தேன்.
நாற்பத்தொரு பக்கம். பென்சில்.
சில கொட்டடிகளில் பேனா தரமாட்டார்கள்,
தந்தாலும் வளையும் குழாய்தான்,
எழுத்தும் சேர்ந்து வளையும்.
இவர் எழுத்து நிமிர்ந்திருந்தது.
ஒவ்வொரு 'நான்' வரும் இடத்திலும் அழுத்தி எழுதி
தாளின் முதுகில் புடைத்திருந்தது.
விரல் வைத்துப் படிக்கலாம்.

ஆட்கொணர்வு மனு.
ஆளைக் கொண்டு வா, எந்தச் சட்டத்தில் அடைத்தாய் சொல்
என்று சிறை அதிகாரியைக் கேட்கும் மனு.
எனக்கு வந்து சேர்ந்தது
பதினேழாம் பக்கத்தில் ஒரு பிசுக்கு,
லேசாக ஆரஞ்சுத் தோல் வாசனை.
பென்சில் கோடு ஸ்கேனரில் வெளிறி விழுகிறது.
கருமையைக் கூட்டினால்
தாளின் சுருக்கங்களும் கருக்கின்றன.
புடைப்பை ஸ்கேனர் எடுப்பதே இல்லை.

கூடவே ஒரு கணக்குச் சீட்டு:
சிறைக் கணக்கில் இருப்பு நான்கு டாலர் பதினெட்டு சென்ட்.
மனுவுக்குக் கட்டணம் ஐந்து.
எண்பத்திரண்டு சென்ட் குறைகிறது என்பதைத்
தனித்தாளில் கோடு போட்டுக்
கழித்துக் காட்டியிருந்தார்.

நீதிபதி படித்தார்.
எந்தப் பக்கம் வரை, தெரியாது.
அடைபட்டிருப்பது எங்கள் எல்லையில், கார்கோரனில்.
தண்டித்தது லாஸ் ஏஞ்சல்ஸ்.
சாட்சிகள் அங்கே, கோப்புகள் அங்கே,
அன்றிரவு தான் இருந்ததாக அவர் சொல்லும் சலவைக்கடை
இன்னும் இருந்தால் அதுவும் அங்கே.
ஆகவே நீதியின் நலன் கருதி
இவ்வழக்கு மத்திய மாவட்டத்துக்கு மாற்றப்படுகிறது.
கட்டண விலக்கு குறித்து
இந்நீதிமன்றம் எதுவும் தீர்மானிக்கவில்லை.

தப்பொன்றும் இல்லை. வழக்கமான உத்தரவு.
பெயரையும் எண்ணையும் மாற்றி
அராக்ஸி வாரத்துக்கு நான்கு அடிப்பாள்.

பொத்தானை அழுத்தினேன்.
லாரிகள் மூச்சு வாங்கும் மலை ஏற்றத்தை
ஒரு நொடியில் தாண்டிவிட்டது மனு.
எங்கள் பட்டியலில் 'முடிந்தது' என்று விழுந்தது.
மாதக் கணக்கில் ஒன்று குறைந்தது.
அராக்ஸி பாதாம் பிஸ்கட் தந்தாள்.

மூன்று வாரம் கழித்து
உத்தரவின் நகல் திரும்பி வந்தது.
உறைமேல் மஞ்சள் ஒட்டுச்சீட்டு: 'இங்கு இல்லை.'
அதே வாரம் அவரையும் மாற்றியிருக்கிறார்கள்,
ஓரிகன் எல்லையோரம், கிரெசன்ட் சிட்டிக்கு.
பேருந்தில், இடுப்புச் சங்கிலியோடு, பதினான்கு மணி நேரம்.
மனு தெற்கே.
ஆள் வடக்கே.
அது இன்னொரு மாவட்டம், மூன்றாவது.

பிறகு கடிதம். பழைய எண், அதே பென்சில்:
'எழுத்தர் அவர்களுக்கு,
என்னை இடம் மாற்றிவிட்டார்கள்.
என் வழக்கு வைத்த இடத்திலேயே இருக்கிறதா?
ஓராண்டுக் கெடு ஓடுவதால் கேட்கிறேன்.'

முடிந்த வழக்குக்கு வரும் கடிதத்தில் குத்த
எங்களிடம் ஒரு முத்திரை உண்டு: 'நடவடிக்கை இல்லை.'
சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி கிடையாது.
கெடு ஓடுகிறதா நிற்கிறதா என்பது ஆலோசனை.
'பயப்படாதீர்கள் என்பதும் ஆலோசனைதான், மாய்'
என்றாள் அராக்ஸி, திரையிலிருந்து கண் எடுக்காமல்.

கடிதத்தை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பினேன்.
பதிவேட்டின் கடைசித் தாளை அச்செடுத்தேன், அவருக்கு.
அங்கே இட்ட புதிய எண்
கீழ்மூலையில் எறும்பளவு.
பென்சிலால் அதை வட்டமிட்டேன்.
வட்டமிடலாம் என்று விதி இல்லை.
கூடாது என்றும் எங்கும் பார்த்ததில்லை.

கொஞ்சம் அழுத்திவிட்டேன் போல.
உறைக்குள் மடிக்கும்போது
தாளின் முதுகில் தட்டுப்பட்டது.